உடம்புக்கு மார்க் போடுற ஆப் நமக்கு எதுக்கு?

மக்களே, உங்க போன்ல கேமராவைத் திறந்ததும் பியூட்டி மோடு தானா ஆன் ஆகுதா? நீங்க கேட்காமலே நிறத்தை வெளுத்து, தாடையைச் செதுக்கிக் கொடுக்குதா? அப்படின்னா, உங்க முகம் பத்தாதுன்னு அந்த போன் தினமும் உங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு.

செல்ஃபியில மூக்கு பெருசா தெரியுதுன்னு கவலைப்படுறவங்களுக்கு ஒரு தகவல். 30 செ.மீ. தூரத்தில் எடுத்த செல்ஃபியில், 1.5 மீட்டரில் எடுத்த படத்தைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கேமராவுக்குக் கிட்ட இருப்பது பெருசா தெரியும், அவ்வளவுதான்.

சரி, உடம்பையே குறைச்சிடலாம்னு கலோரி ஆப் இறக்குறோம். உயரமும் எடையும் போட்டதும் பி.எம்.ஐ. காட்டி, 'ஓவர்வெயிட்' என்று முத்திரை குத்தும். அந்தக் கணக்குக்கு 1830-களில் அடித்தளம் போட்டவர் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே. அவர் டாக்டர்கூட கிடையாது. வானியல், புள்ளியியல் அறிஞர். மக்கள் கூட்டத்தின் சராசரியைத் தேடித்தான் அதைப் போட்டார். உங்க எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. முதல்கட்டச் சோதனைக்கு உதவும். அதுக்கு மேல அதை நம்ப முடியாது. ஆனா அந்த ஒரு எண்ணைப் பார்த்துட்டு, ராத்திரி மெஸ் பக்கமே போகாதவங்க நம்ம ஹாஸ்டல்லயே இருக்காங்க.

அதுக்காக எல்லா ஆப்பையும் டெலிட் பண்ணச் சொல்லல. நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. எதை இன்ஸ்டால் பண்ணினாலும் ரெண்டு கேள்வி கேட்கலாம்: இது எதை அளக்குது? எதை வச்சு சம்பாதிக்குது? நீங்க திருப்தியானதும் சந்தா நின்னுபோகும்னா, அந்த ஆப் உங்களைச் சுலபத்தில் திருப்தியாக விடாது.

உடம்பு எப்படித் தெரியுதுன்னு மார்க் போடுற ஆப்பைத் தூக்குங்க. உடம்பால் என்ன முடியுதுன்னு காட்டுற ஆப்பை வச்சுக்கோங்க. போன மாசம் 2 கி.மீ. ஓட முடிஞ்சது, இந்த மாசம் 3 கி.மீ. என்றால், அதில் பெருமைப்பட ஏதோ இருக்கு. ரீல்ஸ்ல சிக்ஸ்பேக்கா வந்து குவிஞ்சா, 'நாட் இன்ட்ரஸ்டட்' அழுத்துங்க. சாப்பாட்டைத் தவிர்க்கிற நண்பன் யாராவது இருந்தா, ஆப் லிங்க் அனுப்பாதீங்க. கூட்டிட்டுப் போய்ச் சாப்பிடுங்க. அப்பவும் சரியாகலன்னா கவுன்சிலர்கிட்ட பேச வைங்க.

அப்புறம், பிளேஸ்மென்ட் போட்டோ எடுக்கும்போது அந்த பியூட்டி மோடை ஆஃப் பண்ணிடுங்க. இன்டர்வியூவுக்குப் போய் உட்காரப்போறது உங்க சொந்த முகம்தானே!