புற்று இருக்கிறதா? பாயுமா, படுத்திருக்குமா?

2025 மே மாதம் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று அறிவிக்கப்பட்டது. கண்டுபிடித்தபோதே அது எலும்புக்குப் பரவியிருந்தது. சிறந்த மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தவருக்கு எப்படி இவ்வளவு தாமதம் என்று பலரும் கேட்டார்கள். அவர் கடைசியாக பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை செய்துகொண்டது 2014இல் என்று அவர் தரப்பு பிறகு சொன்னது.

இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு அந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்பதுதான் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு 2018இல் தந்த பரிந்துரை.

பிஎஸ்ஏ ஒரு நொதி. விந்துநீரை இளகச் செய்ய புரோஸ்டேட் சுரப்பி அதைச் சுரக்கிறது. சுரப்பி வீங்கினாலும், கிருமி தொற்றினாலும், புற்று வந்தாலும் இரத்தத்தில் அதன் அளவு கூடும். புற்றுதான் என்று உறுதியானாலும் சிக்கல் தீராது. சில புற்றுகள் ஆயுள் முழுதும் படுத்தே கிடக்கும், சில சீக்கிரமே பாயும். பிரிட்டனில் ஆரம்ப நிலையில் நோய் கண்ட 1,643 ஆண்களைச் சுமார் 15 ஆண்டுகள் கவனித்த ‘புரோடெக்ட்’ ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அறுவை செய்தவர், கதிர்வீச்சு பெற்றவர், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர் என எந்தப் பிரிவை எடுத்தாலும் 100க்கு ஏறக்குறைய 97 பேர் இந்த நோயால் இறக்கவில்லை. ஆனால் அறுவையும் கதிர்வீச்சும் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் தாம்பத்திய வாழ்வையும் பாதிக்கக்கூடும். தேவையில்லாதவருக்கு அது பெரிய விலை.

அதனால்தான் ஆய்வாளர்கள் கட்டியின் திசுவுக்குள்ளேயே போய்ப் பார்க்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அருள் சின்னையன் (பெயரே நமக்கு நெருக்கமாக ஒலிக்கிறது) குழுவினர் 2002இல் ஈ.இசட்.எச்.2 என்ற நொதியைப் பற்றி எழுதினார்கள். மரபணுக்களின் வாயை அடைக்கும் நொதி அது. சுரப்பியோடு நின்ற கட்டிகளைவிடப் பரவிய கட்டிகளில் அது அதிகமாக இருந்தது. சுரப்பியோடு நின்றவற்றிலும், அது மிகுந்திருந்தால் பின்னாளில் நோய் மோசமாகும் வாய்ப்பு கூடியது. பி-டென் என்ற நொதி இதற்கு நேர்மாறு. அது பிரேக் மாதிரி. திசுவில் அது காணாமல் போயிருந்தால்தான் ஆபத்து.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ஏ.எம்.ஏ.சி.ஆர். என்ற இன்னொரு நொதிக்கும் திசுவில் சாயமேற்றிப் பார்ப்பார்கள். அது முக்கியமாக ‘இது புற்றா?’ என்ற கேள்விக்கு உதவுகிறது. ‘இது பாயுமா?’ என்பது வேறு கேள்வி. அதற்கு இன்றும் பெரும்பாலான இடங்களில் முதல் பதிலைத் தருவது நுண்ணோக்கியில் செல்களின் அமைப்பைப் பார்த்து மருத்துவர் போடும் கிளீசன் மதிப்பெண்தான். நொதிகள் அதற்குத் துணை. அதன் இடத்தை அவை பிடித்துவிடவில்லை.

இனி நம் பக்கம் வருவோம். 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, மலேசிய ஆண்களிடையே இது மூன்றாவது பொதுவான புற்றுநோய். நோய் பரவிய பிறகே மருத்துவமனைக்கு வருபவர்கள் இங்கே பலர். எலும்புவரை போய்விட்ட கட்டியிடம் ‘பாயுமா?’ என்று எந்த நொதியை வைத்துக் கேட்பது? புஞ்சாக் ஆலாமில் பல்கலைக்கழக மருத்துவமனையே இருக்கிறது. ஆனால் ஜெராமிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஆண்கள், இரவில் நான்கு முறை எழுந்து போனாலும் “வயசாச்சு, அப்படித்தான்” என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சாதாரண வீக்கமாகவே இருக்கும். ஆரம்பநிலைப் புற்றோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்த நோய் இருந்தால் மகனுக்கும் தம்பிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே இது இந்தப் பக்கத்தைப் படிக்கும் பையன்களின் விஷயமும்கூட. 50 வயதைத் தாண்டிய அப்பா அடுத்த முறை இனிப்புநீர் மருந்து வாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகும்போது கூடவே போங்கள். பிஎஸ்ஏ பார்ப்பது அவருக்குத் தேவையா, எண் கூடினால் அடுத்து என்ன செய்வார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்பா கூச்சப்படுவார். நீங்களே கேட்டுவிடுங்கள்.