வேருக்குக் காவல் யார்?

போன மாசம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணனோடு சோளக்காட்டைச் சுற்றி வந்தபோது, பயிருக்கு நடுவே சின்னச் சின்னதாய் வெள்ளைப் பூக்கள். "அட, அழகா இருக்கே!" என்று சொல்லிவிட்டேன். "பூ அழகாத்தான் இருக்கும் அம்மிணி, கருதைத்தான் காணோம்" என்றார் அண்ணன். அதுதான் சுடுமல்லி.

மற்றக் களைகள் பக்கத்தில் நின்று பங்கு கேட்கும். இதுவோ சோளத்தின் வேரிலேயே வாய் வைத்து உறிஞ்சுகிறது. தலை வெளியே தெரிவதற்குள் மண்ணுக்கடியில் பெரும் சேதம் நடந்துவிடும். ஒரு செடி ஆயிரக்கணக்கில் தூள் போன்ற விதைகளை உதிர்க்கும். அவை பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் தூங்கும். எழுப்புவது யார் தெரியுமா? சோளமேதான்! தனக்கு உதவும் பூஞ்சணத்தைக் கூப்பிட வேர் ஒரு பொருளைக் கசியவிடுகிறது. விருந்தாளியைக் கூப்பிட்ட குரல் கேட்டுத் திருடனும் வந்துவிடுகிறான்.

வேளாண்மை படிக்கும் என் மகளிடம் இதைச் சொன்னேன். 2024-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். ஆப்பிரிக்காவில் சோளத்தைப் பாழாக்கும் சுடுமல்லி வகையை வைத்துச் செய்தது. நுண்ணுயிர்களை நீக்கிய மண்ணிலும், நீக்காத மண்ணிலும் சோளம் வளர்த்துப் பார்த்தார்கள். உயிருள்ள மண்ணில் களை தொற்றுவது குறைந்தது. களை வேரைப் பற்றிக்கொள்ளத் தூண்டும் பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைத்துவிடுகின்றனவாம். வேருக்குள் தக்கை போன்ற பொருள் கூடுதலாகப் படிந்து சுவரும் கெட்டியாகிறதாம். சூடோமோனாஸ், ஆர்த்ரோபாக்டர் என்ற பாக்டீரியா இனங்களில் சிலவற்றுக்கு இதில் பங்கு உண்டு.

"கிருமின்னாலே கெட்டதுன்னு நினைக்காதேம்மா. நீ தினமும் பாலுக்கு உறை ஊத்தறியே, அது என்ன?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்!

ஆனால், பாக்கெட்டைப் பிரித்துத் தூவினால் சுடுமல்லி ஒழிந்துவிடும் என்று யாராவது விற்க வந்தால் நம்பிவிடாதீர்கள். இது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது.

நம் கையில் இருப்பதைச் செய்யலாம். பூ விடுமுன்னே பிடுங்க வேண்டும். பூத்ததைப் பிடுங்கினால் எரித்துவிட வேண்டும். அம்மா காலத்தில் நாங்கள் எல்லாவற்றையும் குப்பைக்குழியில்தான் போடுவோம். அந்த எருவே திரும்பக் காட்டுக்குப் போகும். திருடனை நாங்களே வண்டியேற்றி அழைத்து வந்திருக்கிறோம்! சோளத்தையே திரும்பத் திரும்பப் போடாமல் நிலக்கடலை, பருத்தி என்று மாற்ற வேண்டும். அந்த வேர்களை நம்பி முளைக்கும் சுடுமல்லி, ஒட்ட இடமில்லாமல் செத்துவிடும். நன்றாக மக்கிய தொழு உரம் போட்டால் மண்ணிலுள்ள உயிர்களும் பிழைக்கும்.

அண்ணனுக்குப் போனில் எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அடுத்த போகம் கடலைதான் அம்மிணி. குப்பைக்குழியை உங்க அண்ணிகிட்டச் சொல்லிடறேன்" என்றார்.