மிஷின் சும்மா நிக்குது. மெமோ மட்டும் பறக்குது!

இன்வெர்ட்டர், மின்சார மீட்டர், எல்.இ.டி. பல்பு... எதைப் பிரித்தாலும் உள்ளே ஒரு பச்சைப் பலகை. அதுதான் சர்க்யூட் போர்டு. அதில் ஒட்டியிருக்கும் பாகங்கள் கடுகை விடச் சின்னது. நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அதில் பாதி! எடுத்து வைப்பது மிஷின்தான்.

மணிக்கு 30 ஆயிரம் பாகம் வைக்கும் மிஷின் என்று வைத்துக்கொள்வோம். பலகைக்கு 150 பாகம். 100 பலகை ஆர்டர் என்றால் அரை மணியில் முடியணும். முடியுதா? அதுதான் இல்லை.

பாகங்கள் சினிமா சுருள் மாதிரி ரீலில் வரும். ரீலை ஃபீடரில் மாட்டி, மிஷினில் சொருகி, சரிபார்க்க வேண்டும். 60 வகை இருந்தால், வகைக்கு 2 நிமிடம் என்றாலும் 2 மணி நேரம் காலி. ஓட்டம் அரை மணி, ஒப்பனை 2 மணி!

உடனே முதலாளி பேங்குக்கு ஓடுகிறார், இன்னும் வேகமான மிஷின் வாங்க. இரண்டு மடங்கு வேகம் வந்தாலும் மிச்சம் கால் மணிதான். வட்டிதான் நிக்காம ஓடும்.

4 மணி, 3 நிமிடம் ஆன கதை

1969-ல் ஜப்பான் டொயோட்டா கார் கம்பெனியில் 1,000 டன் பிரஸ்ஸுக்கு அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோ என்ற இன்ஜினியர் அதை ஒன்றரை மணியாக்கினார். பிறகு 3 நிமிடம்! மிஷின் ஓடும்போதே அடுத்த வேலைக்கான சாமான்களை வெளியே தயார் செய்ததுதான் விஷயம். கல்யாண சமையல்காரர் முதல்நாள் ராத்திரியே காய் நறுக்கி வைப்பதில்லையா?

இங்கேயும் தள்ளுவண்டியில் அடுத்த ஆர்டரின் ஃபீடர்களை மாட்டி வைக்கலாம். நாலு ஆர்டர் லிஸ்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ரெசிஸ்டர், ஒரே கெப்பாசிட்டர் திரும்பத் திரும்ப வரும். மிஷினில் இடம் இருந்தால் அவற்றைக் கழற்றவே வேண்டாம். 60-ல் 40 அப்படியே இருந்தால், மாற்றுவது 20 தான். 40 நிமிட வேலை.

பழி யார் தலையில்?

இதைச் செய்யாமல், "சீக்கிரம் மாட்டும்மா" என்று ரீல் மாட்டும் பெண்ணை விரட்டுகிறார்கள். இந்தப் பொடி கெப்பாசிட்டரில் எழுத்தே கிடையாது. ரீல் மாறினால் கண்ணுக்குத் தெரியாது. பலகை அடுப்பில் வெந்து, டெஸ்டுக்கு வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். அப்போது மெமோ யாருக்கு? அந்தப் பெண்ணுக்கு! அடுத்த ஆர்டர் என்ன என்று கடைசி நிமிடம் வரை சொல்லாத சூப்பர்வைசருக்கு ஒன்றுமில்லை. இது என்ன நியாயம்?

"கூடுதல் ஃபீடருக்குக் காசு வேணுமே" என்பார்கள். வேணும்தான். ஆனால் புது மிஷினுக்குக் கேட்கும் கடனில் அது ஒரு மூலைக்கு வராது. ரீலையும் ஃபீடரையும் ஒத்துப் பார்க்கும் பார்கோடு கருவிக்கும் அதிலேயே மீதி இருக்கும்.