கடல் யாருக்கு? ஓய்வு யாருக்கு?

இரவு ஷிப்டு முடிந்து சேரப்பணஞ்சேரியில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிற தொழிலாளியின் செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது. நீலக் கடல், வெண்மணல், மூச்சுக்குழல் மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு மேலே நீந்தும் மனிதர்கள். "தீவுக்கு வாருங்கள்" என்று அழைக்கிறது. யாரை அழைக்கிறது? ஒரகடத்துக் காண்டிராக்ட் தொழிலாளியையா? நேற்று நாற்று நட்டு, இன்று கம்பெனித் தோட்டத்தில் புல் செதுக்கும் கூலிப் பெண்ணையா?

கடல் விளையாட்டை நாம் பழிக்கவில்லை. உழைப்பவனுக்கு ஓய்வும் வேண்டும், உல்லாசமும் வேண்டும். அலைச்சறுக்கு பணக்காரன் சொத்தும் அல்ல. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அதில் பெயரெடுத்தவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகளே. நம் கேள்வி வேறு. அந்தக் கரை யார் கையில் இருக்கிறது? அங்கே போக யாருக்கு நேரம் இருக்கிறது?

முதலில் கரையைப் பார்ப்போம். 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடலில் நீந்திய படங்கள் நாடெங்கும் பரவின. படத்தில் வராத சேதி ஒன்று உண்டு. அந்தத் தீவுகளின் மொத்தப் பரப்பே 32 சதுர கிலோமீட்டர்தான். அங்குள்ள மீனவர் சூரை மீனைத் தூண்டிலில் பிடிக்கிறார்கள். தூண்டிலுக்கு வேண்டிய உயிர் இரைமீனைப் பவளப்பாறை சூழ்ந்த காயலில் பிடிக்கிறார்கள். காயலின் மேல் சொகுசு விடுதி எழும்பினால் அவர்கள் அடுப்பு எப்படி எரியும்?

2021ல் தீவு நிர்வாகம் ஒரு வரைவு ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. எந்த நிலத்தையும் திட்டப் பகுதி என்று அறிவித்து எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. கரையிலிருந்த மீனவர் கொட்டகைகள் இடிக்கப்பட்டன. அரசுத் துறைகளில் தற்காலிகப் பணியாளர்கள் வேலையிழந்தார்கள். தீவு மக்கள் வாய்மூடி இருந்தார்களா? இல்லை! ஜூன் 7 அன்று 12 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்தார்கள். சிலர் கடலுக்கடியில் மூழ்கி, பதாகை பிடித்து நின்றார்கள். உல்லாசப் பயணி மூழ்கிப் பார்க்கும் அதே கடலில், தம் மண்ணுக்காக மூழ்கினார்கள்!

இனி நேரத்தைப் பார்ப்போம். ஓய்வு எந்த முதலாளியும் மனமிரங்கித் தந்ததல்ல. 1936 மே, ஜூன் மாதங்களில் பிரான்சுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் 20ந் தேதி, ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமாயிற்று. விடுமுறை செல்லும் தொழிலாளிக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் குறைக்கப்பட்டது. அந்தக் கோடையில் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் முதன்முதலாகக் கடலைக் கண்டன.

இங்கே நிலை என்ன? 1948ம் வருடத் தொழிற்சாலைச் சட்டப்படி ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு கிடைத்தது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம், 180 நாள் போதும் என்கிறது. காகிதத்தில் நல்லதுதான். ஆனால் அந்த நாள் நிறையுமுன் காண்டிராக்டர் பெயர் மாறினால் கணக்கு எங்கிருந்து தொடங்கும்? விவசாயத் தொழிலாளிக்கோ அந்தக் காகிதமும் கைக்கு எட்டுவதில்லை. வேலை கிடைக்காத நாள்தான் அவருக்கு விடுமுறை!

இருக்கிற நேரத்தையும் பறிக்கப் பார்த்தார்கள். 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. சில நாட்களில் அது வாபஸ் ஆயிற்று. ஒற்றுமை வென்றது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். காண்டிராக்டர் மாறினாலும் விடுப்புக் கணக்கு அறுபடக் கூடாது. விவசாயத் தொழிலாளிக்கும் கூலியோடு ஓய்வு நாள் வேண்டும். தீவானாலும் நம் கடற்கரையானாலும், மீனவரைக் கேளாமல் ஒரு கழி கூட நடக்கூடாது.

சேரப்பணஞ்சேரியிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியே போனால் கோவளம் வந்துவிடும். விமானம் வேண்டாம், பஸ் போதும். தூரத்தில் இருப்பது கடல் அல்ல தோழர்களே, ஓய்வு! அதை நம் பக்கம் இழுத்து வருவது சங்கத்தின் வேலை. இந்த மாதச் சங்கக் கூட்டத்தில் உங்கள் விடுப்புக் கணக்கை எடுத்து வையுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.