எலிவேஷனுக்கு ஆகாத குழாய்

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வாஷ்பேசின் வைக்க இவ்வளவு பேச்சா என்று என் கணவர் அலுத்துக்கொண்டார். திருச்சியில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடியில் குடித்தனக்காரர்கள். மாமியாருக்கு முழங்கால் வலி, கைகழுவக் குளியலறைவரை நடக்க முடியவில்லை. பேசின் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அதன் கழிவுநீரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு.

பிளம்பர் தம்பி, சுவருக்கு அந்தப் பக்கம் மாடிக் கழிவறையிலிருந்து இறங்கும் 110 மில்லிமீட்டர் பைப்பைக் காட்டினார். “இதுலயே ஒரு டீ போட்டுச் சேர்த்துடலாம் டீச்சர். அரை நாள் வேலை.” வென்ட், அதாவது காற்றுக்குழாய், எங்கே எடுப்பீங்க என்று கேட்டேன். “அதெல்லாம் பெரிய அபார்ட்மென்ட்டுக்குத்தான் டீச்சர்.”

இயற்பியல் நடத்தியவளிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. பேசினுக்கு அடியில் இருக்கும் பாட்டில் ட்ராப்பில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை நாற்றத்துக்கும் நம் மூக்குக்கும் நடுவே இருக்கும் தடுப்பு, மூன்று விரல்கிடை உயரமுள்ள அந்தத் தண்ணீர்தான். மாடியில் ஃப்ளஷ் செய்தால் பெரிய பைப்பில் தண்ணீர் மொத்தமாக இறங்குகிறது. முன்னால் இருக்கும் காற்றை அது தள்ளும், பின்னால் வெற்றிடத்தை உண்டாக்கும். பைப்பின் மேல்முனை திறந்திருந்து, கிளைக்குழாய்க்கும் காற்று கிடைத்தால் தொல்லை இல்லை. கிடைக்காவிட்டால், பீப்பாயிலிருந்து ரப்பர் குழாயில் மண்ணெண்ணெய் உறிஞ்சுவதுபோல ட்ராப்பின் தண்ணீர் இழுபட்டுப் போய்விடும். ‘களக் களக்’ என்று பேசின் சத்தம் போடுவது அப்போதுதான்.

மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தோம். எங்கள் பைப் அங்கே வரவே இல்லை. மாடி கட்டியபோது முகப்பு அழகு கெடும் என்று, கைப்பிடிச் சுவருக்குக் கீழேயே மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் புதிதாகக் கட்டிய வீடுகள் பலவற்றில் இதே கதை. கௌல் என்னும் துளைமூடி மாட்டிய குழாய் கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அசிங்கமாம். எலிவேஷனுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள், சில நூறு ரூபாய் பைப்பை வெட்டச் சொல்கிறார்கள். பிறகு பிளம்பரைத் திட்டுகிறார்கள், ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். பழியில் பெரும்பங்கு வீட்டுக்காரர்களாகிய நமக்குத்தான் என்பேன்.

நாற்றம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. 2003இல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. குளியலறைத் தரை ட்ராப்புகள் வறண்டுபோயிருந்ததும், எக்ஸாஸ்ட் ஃபேன்கள் கழிவுக்குழாய்க் காற்றை உள்ளே இழுத்ததும் முக்கியக் காரணங்களாகப் பின்னர் சொல்லப்பட்டன. புழங்காத குளியலறை இருந்தால் அதன் தரை ட்ராப்பில் (நானி ட்ராப்) அவ்வப்போது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள்.

சாய்வு விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. “வாட்டம் எவ்வளவு குடுக்குறமோ அவ்வளவு நல்லது” என்றார் தம்பி. அப்படியில்லை. அடிக்குக் கால் அங்குலம் போதும். ட்ராப்பிலிருந்து வென்ட்வரை குழாய் தன் விட்டத்துக்கு மேல் இறங்கிவிட்டால், வென்ட்டின் வாய் ட்ராப் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். தண்ணீர் ஓடும்போது காற்று நுழைய வழியிருக்காது. ஒன்றேகால் அங்குலக் குழாயை இந்த வாட்டத்தில் போட்டால், ஐந்தடிக்குள் வென்ட் வந்தாக வேண்டும் என்பது கணக்கு. ரசமட்டம் வைத்துக் காட்டினேன். நன்றாகவே புரிந்துகொண்டார். பை தூக்கித் தொழில் பழகியவருக்கு ‘ஏன்’ என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடைசியில் கழிவறைப் பைப்பைத் தொடவில்லை. சமையலறைச் சந்தில், கழிவுநீர் விழும் கல்லி ட்ராப் இருக்கிறது. பேசின் குழாயை வெளிச்சுவர் வழியாக எடுத்து, அதன் சல்லடைக்கு மேலே திறந்தவெளியில் விழும்படி விட்டோம். கீழ்த்தள வீட்டுக்கு இந்தப் பழைய முறையே எனக்குப் பிடித்தது. காற்று தானாகக் கிடைக்கும், சோப்புத் தண்ணீர் செப்டிக் டேங்கை நிரப்பாது. அடைத்திருந்த பைப்பையும் கூரைக்கு மேல் நீட்டிக் கௌல் மாட்டினோம். முகப்பு கெட்டுவிட்டது என்று கணவர் இன்னும் சொல்கிறார்.

இந்த வசதி மாடி வீட்டுக்கு இல்லை. அங்கே பேசின் வைப்பவர்கள், கிளைக்குழாயிலிருந்து வென்ட் எடுத்துக் கூரைவரை கொண்டுபோவதையும் கூலி பேசும்போதே சேர்த்துப் பேசுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு பேசிப் பயனில்லை. வேலை முடிந்ததும் பேசினை விளிம்புவரை நிரப்பித் திறந்துவிட்டு, அதே நேரத்தில் மேலே ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். பக்கத்து நானி ட்ராப்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் ஏறி இறங்கி ஆடினாலோ பேசின் குமுறினாலோ, பாக்கிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள்.