மனை வாங்கப் போகிறவர்களுக்கு

காற்றோட்டம், நல்ல தண்ணி, ஸ்டேஷன் பக்கத்திலேயே. தாம்பரம் தாண்டி மனை விற்கிறவர்கள் சொல்வது இதுதான். நகரத்தில் வாடகை ஏறிப்போச்சு, கையில இருக்கிற காசுக்கு அங்கதான் கிடைக்குது என்பார்கள் வாங்குகிறவர்கள். பொய்யில்லை. ஆனால் ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிற தலித் ஊழியர்களைக் கேளுங்கள், வேறு காரணம் வரும்.

"நீங்க என்ன ஆளுங்க?" நகரத்தில் வாடகை வீடு கேட்டுப் போனால் அட்வான்ஸ் பேச்சுக்கு முன்னாலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். கொஞ்சம் நாகரிகமானவன் "சைவமா?" என்பான். கேட்பது சோற்றை அல்ல, சாதியைத்தான். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அம்பேத்கரையே, பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். காலி பண்ணு என்று எவனும் சொல்லமுடியாத நாலு சுவர் வேண்டும் என்றுதான் நம்மாள் புறநகருக்குப் போகிறான்.

"சேரிய மறந்துட்டான், ஓடிட்டான்" என்று தோழர்கள் சிலர் கேலி பேசுகிறார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. சேரியிலேயே கிடந்து சாகணும்னு எந்தத் தத்துவம் சொல்லுது? கிராமத்தைச் சாதியின் சாக்கடை என்று கண்டு சொன்னவரின் பிள்ளைகள் நாம்.

நாம் கேட்பது வேறு. அந்த மனை யாருடைய மண்? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக வெள்ளைக்காரன் அரசாங்கம் 1892 முதல் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கியது. பத்து வருஷம் விற்கக்கூடாது, பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. அப்படியும் அந்தப் பஞ்சமி நிலம் கைமாறியது. கடனுக்கு எழுதி வாங்கினான், மிரட்டி வாங்கினான். நிலத்தைத் திருப்பிக் கேட்டுக் காரணை மக்கள் போராடியபோது, 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். தாத்தனிடம் பிடுங்கியதைப் பேரன் வட்டி கட்டி வாங்குகிற கொடுமையும் இந்த மாவட்டத்தில் நடக்கக்கூடியதுதான்.

விருப்பமே இல்லாமல் புறநகருக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்தைச் சாக்கு வைத்துப் பெரும்பாக்கத்துக்கும் கூவம், அடையாற்றுக் கரை மக்களை லாரியில் ஏற்றி இறக்கினார்கள். வேலை இங்கே, வீடு அங்கே. வீட்டு வேலைக்குப் போகிற அம்மா விடியுமுன் பஸ்ஸுக்கு நிற்கிறாள். வெள்ள ஆபத்து என்று சொல்லி, சதுப்பு நிலத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்க் குடிவைத்தவர்களை என்ன சொல்வது!

பஞ்சமி நிலப் பட்டியலைச் சர்வே எண்ணோடு கிராமவாரியாக அரசு வெளியிடவேண்டும். அதுவரை, மனை பார்க்கப் போகிற தோழர்கள் வில்லங்கச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும். தாலுகா ஆபீசில் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். அந்த சர்வே எண்ணுக்கு எதிரே 'டி.சி.' நிலம் என்று குறிப்பு இருந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த ஊர்ச் சேரிக்குப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள்.