விழாவுக்கு வேட்டி, அடுக்களைக்கு வெட்கமா?

ஆண்டுதோறும் சூலைத் திங்கள் 21ஆம் நாளையொட்டிச் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் கொண்டாடப்பெறுகிறது. 1964ஆம் ஆண்டுக் கலவரத்தை மறவாதிருக்கும்பொருட்டு 1997இல் தொடங்கிய வழக்கம் இது. அன்று நம் மாணவர்கள் பட்டுக்கரை வேட்டியுடன் வருவதைக் கண்டு மகிழாத தமிழாசிரியர் இலர். ஆயினும் அவ்வேட்டிகளுட் பல ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்தவை. கட்டத் தெரியாதவனும் இடுப்பில் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம். மாலையில் அவை பெட்டிக்குள் போகும். மீண்டும் தீபாவளிக்கு வெளியே வரும்.

அந்த நாளில் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டுக்கடைகளின் பின்கட்டுக்குச் சென்று பாருங்கள். ஒரு காலத்தில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அண்டாவில் குழம்பு கிண்டியவர்களின் இடத்தில் இன்று காற்சட்டை அணிந்தவர்களே நிற்கின்றனர். தப்பித்தவறிக் கைலியுடன் ஒருவர் இருந்தால், அவர் முன்கூடத்திற்கு வரலாகாது என்பது எழுதா விதி. மாணவன் ஒருநாள் அணிந்தால் பண்பாடு. உழைப்பவன் நாள்தோறும் அணிந்தால் பட்டிக்காட்டுத்தனம். இஃது என்ன நீதி?

கைலி அயலான் உடை என்று சொல்வாரும் நம்மிடையே உளர். மலாய் மக்கள் தொழுகைக்கும் வீட்டிற்கும் விரும்பி உடுத்தும் கட்டம்போட்ட துணிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் எது? சோழமண்டலக் கரையிலுள்ள பழவேற்காடுதான். அத்துறைமுகத்தின் பெயரே துணிக்குப் பெயராகிக் கடல் கடந்து மலாய்மொழியில் நிலைத்தது. அத்துணியை அவர்கள் இறைவன் முன் நிற்கும் உடையாக்கிக்கொண்டனர். அதை அனுப்பிய கரையைச் சேர்ந்த நாமோ வாடிக்கையாளன் முன் நிற்கவும் அது தகாது என்கிறோம். மியன்மாரில் அமைச்சர்களும் அலுவலர்களும் லோஞ்சி உடுத்தி நாடாளுமன்றத்திற்கே செல்வர்.

தமிழ்நாட்டிலும் கதை வேறன்று. 2014 சூலையில் சென்னைச் சேப்பாக்கத்திலுள்ள கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்குச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், வேட்டி அணிந்திருந்த காரணத்தால் உள்ளே விடப்படவில்லை. நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் தடையை நீக்கச் சட்டம் இயற்றியது. மீறும் மன்றத்தின் உரிமம் பறிபோகும், சிறைத்தண்டனையும் உண்டு. வரவேற்கிறேன். ஆனால் அன்று திருப்பி அனுப்பப்பட்டவர் நீதிபதியாக இல்லாமல் அம்மன்றத்திற்குக் காய்கறி கொண்டுவந்த கைலிக்காரராக இருந்திருந்தால் எத்தனை பேர் கொதித்திருப்பர்? 2023இல் வடநாட்டுக் கிரேட்டர் நொய்டாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம், லுங்கியுடன் பொது இடத்தில் உலவ வேண்டா என்று சுற்றறிக்கை விட்டது. அதற்குச் சிரித்தவர்கள் மிகுதி, சினந்தவர்கள் குறைவு.

தைக்காத கீழாடையை ஆண்கள் அணிவது நாகரிகமற்றது என்ற எண்ணத்தை நமக்கு ஊட்டிய ஆங்கிலேயனின் வீட்டுக்குள்ளேயே கில்ட் எனும் மடிப்புடை இருந்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆடவர் இடுப்பில் கட்டி முழங்காலோடு நிறுத்தும் உடை அது. கிளர்ச்சியை ஒடுக்கியபின் 1746இல் அதற்குத் தடைச்சட்டம் இயற்றினர், 1782இல் நீக்கினர். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே அதனை அணிந்து எடின்பரோ நகரில் காட்சி தந்தார். பிறகு அதுவும் நம் வேட்டியைப் போலத் திருமணத்திற்கும் அணிவகுப்பிற்கும் உரிய சடங்குடையாகச் சுருங்கிவிட்டது. ஸ்காட்லாந்தியர் அதோடு விட்டுவிடவில்லை. 1990களில் எடின்பரோவில் ஹோவி நிக்கல்ஸ்பி என்ற தையற்கலைஞர் முரட்டு நீலத்துணியிலும் தோலிலும் கில்ட் தைத்து, இதனை நாள்தோறும் அணியுங்கள் என்றார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கச் சியாட்டில் நகரில் ஒரு நிறுவனம் கருவிகள் வைக்கப் பைகளுடன் உழைப்பாளிக்கான கில்ட்டைச் செய்து விற்றது. அதாவது, அரசன் அணிந்த உடையைத் தச்சனிடம் சேர்த்தனர். நாம் தச்சனும் சமையற்காரனும் அணிந்த உடையைப் பறித்து, அரசன் வேடமிடும் சிறுவனிடம் கொடுத்திருக்கிறோம்.

இனி, சமையற்கலைஞர்களிடம் நேராகவே வருகிறேன். ‘செஃப்’ என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இளந்தலைமுறையினர் வெள்ளைக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்தால்தான் தொழிலுக்கு மதிப்பு என்கின்றனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வல்லுநர் அந்தோனின் கரேம் வழியாகப் பரவியதாகச் சொல்லப்படும் அவ்வுடையை நான் பழிக்கவில்லை. இரட்டை மார்புத் துணி அழுக்கானால் மாற்றிப் பொத்தானிடலாம், வெம்மையைத் தடுக்கும். அறிவுடைய ஏற்பாடு. ஆனால் அதனை அணிந்தவுடன் அருகே நிற்கும் பண்டாரியையும் பரோட்டா மாஸ்டரையும் ஏவலாளாகப் பார்க்கும் பார்வை எங்கிருந்து வந்தது? ஜாம் ஜாம் உணவகம் 1908இலும் ஆனந்த பவன் 1924இலும் கோமள விலாஸ் 1947இலும் தோன்றின. சமையற்பயிற்சிக்கென ஷாடெக் நிறுவனம் எழுந்தது 1983இல். இடைப்பட்ட காலமெல்லாம் இந்நகருக்குச் சோறிட்டவர்கள் கோட்டு அணிந்தவர்கள் அல்லர். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நம் உணவங்காடிப் பண்பாட்டைத் தொட்டுணராப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நாம் பெருமைப்பட்டது அவர்கள் கைப்பக்குவத்தை நினைத்தன்றோ?

தீ, கொதிக்கும் எண்ணெய், வழுக்கும் தரை ஆகியவற்றைக் காட்டி மறுப்பர். இம்மறுப்பு நேர்மையானது, ஒதுக்கத் தக்கதன்று. தூக்கிக் கட்டிய கைலி காலைக் காக்காது. தொங்கும் முனை அடுப்பில் பட்டால் ஆபத்து. ஆகவே முனையைச் செருகி, கணுக்கால்வரை இறக்கிக் கட்டி, மேலே நீண்ட மேலங்கி அணிந்து, மூடிய காலணி போட வேண்டும் என்று விதியுங்கள். அதில் யாருக்கும் வழக்கில்லை. செயற்கை இழையில் நெய்த மலிவான காற்சட்டை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி அவ்வாறு உருகாது. இதையும் கருதினால், காற்சட்டையெல்லாம் காப்பு, கைலியெல்லாம் கேடு என்று பிரிக்க இயலாது. கோயில் மடைப்பள்ளிகளில் நூற்றுக்கணக்கானோர்க்கு அன்னம் சமைப்பவர்கள் வேட்டியோடுதான் நிற்கின்றனர். அங்கே தூய்மை என்று வணங்குவதை நாலு கடை தள்ளி அழுக்கு என்பது துப்புரவுக் கணக்கன்று, கூச்சக் கணக்கு.

தமிழ் படித்தவர்க்கு இக்கூச்சம் வரவே கூடாது. சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனின் விருந்தைச் சொல்லுமிடத்து, அருச்சுனன் தமையனாகிய வீமனின் சமையல் நூல்முறை வழுவாமல் ஆக்கிய உணவு என்கிறது. அடுக்களைக்கு நூல் உண்டு, ஆசிரியன் உண்டு, அவன் வீரன் என்பது சங்கப்புலவர் கொண்ட மதிப்பு. நளவெண்பாவை வகுப்பில் நடத்துகிறோம். உருமாறி வாகுகன் என்ற பெயரில் மடைத்தொழில் செய்த நளனைத் தமயந்தி ஐயுற்றுத் தேர்ந்தது அவன் சமையலையும் கொண்டுதானே? அவன் தன் உருவை மீளப்பெற்றது கார்க்கோடகன் தந்த துகிலை உடுத்தியபோது. சமைத்த சுவை அவனைக் காட்டிக்கொடுத்தது. உடுத்த துணி அவனை மீட்டுத் தந்தது. இத்துணையும் படித்த நம் நாவில், சமையற்காரனைக் குறித்த ‘மடையன்’ என்ற சொல் வசைச்சொல்லாக மட்டுமே வாழ்கிறது. அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டால், ‘சமையற்காரர்’ என்று விடை சொல்லத் தயங்கி ‘உணவுத் துறையில் இருக்கிறார்’ என்னும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கின்றனர்.

இங்கே இழப்பு துணியோடு நிற்பதில்லை. ‘வரிந்து கட்டிக்கொண்டு வந்தான்’ என்ற தொடரை விளக்கக் கரும்பலகையில் படம் வரைய வேண்டியிருக்கிறது. மடித்துக் கட்டுதல், தார்பாய்ச்சுதல், முந்தியில் முடிதல், இடுப்பில் செருகுதல் ஆகியவற்றுள் ஒன்றையும் ஒட்டுப்பட்டி வேட்டி கற்பிக்காது. ‘மடியில் கனமிருந்தால் வழியில் பயம்’ என்ற பழமொழியில் மடி எது என்று கேட்ட மாணவன் மீது குற்றமில்லை. அவன் கண்ட ஆடவர் எவர்க்கும் மடியே இல்லை. அடுக்களைச் சொற்களுக்கும் இதே கதி. பதம், பக்குவம், தாளிதம், வதக்கல், கிண்டல், துழாவல் என்பனவற்றின் நுண்பொருளை அகராதியைவிட நன்கறிந்தவர் தேக்கா அங்காடிக் கடையில் கரண்டி பிடித்து நிற்பவர். அவரை ஒரு நாளும் நம் வகுப்பறைக்கு அழைத்ததில்லை. பட்டிமன்றப் பேச்சாளரை அழைக்கிறோம், நடிகரையும் அழைக்கிறோம்.

கடை முதலாளிகளிடம் நான் கேட்பது பெரிதன்று. பணியாளர்க்குக் காற்சட்டை தைத்துத் தரும் செலவில், அவருள் விரும்புவோர்க்கு அடர்நிறப் பருத்திக் கைலியும் மேலங்கியும் தாருங்கள். அவ்வுடையோடு முன்கூடத்தில் நின்று பரிமாறவும் விடுங்கள். ஆசிரியர்களாகிய உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. அடுத்த சூலையில் ஒட்டுப்பட்டி வேட்டியைத் தடை செய்யுங்கள். கட்டத் தெரிந்த ஒருவரை ஒரு மணி நேரம் முன்னதாக வரவழையுங்கள். அவர் தேக்காவிலிருந்து வந்த சமையற்காரராக இருந்தால், கைலியோடே மேடையேறட்டும்.